“அந்த அப்பா எப்போது திரும்பி வருவார்?”

கேள்வி: சிறு வயதில் நான் விழுந்து விழுந்து பார்த்த கார்ட்டூன் ‘பேட்டில் ஆஃப் தி பிளானட்ஸ்’. அதற்கு மூலமான ‘காட்சாமன்’ என்ற ஜப்பானியத் தொடரை இப்போது என் ஒன்பது வயது மகனுடன் பார்த்து வருகிறேன். கதாநாயகன் கென்னின் தந்தை இறக்கும் கட்டத்தில் மகன் தேம்பித் தேம்பி அழுதான். நான் பார்த்த கதையில் அவர் பிழைத்துக்கொள்வார். அந்த நினைப்பில், “அழாதே, திரும்பி வந்துவிடுவார்” என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து ஒவ்வொரு பகுதி தொடங்கும்போதும், “இன்றைக்கு வருவாராப்பா?” என்று கேட்கிறான். தொடரையே நிறுத்திவிடலாம் என்கிறாள் மனைவி. என்ன செய்வது?
– ஒரு தந்தை

பதில்: அன்புள்ள சகோதரருக்கு,

தொடரை நிறுத்த வேண்டாம். ஆனால் அடுத்த பகுதியைப் போடுவதற்கு முன், அவர் வரமாட்டார் என்று மகனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். அவன் அழுதது ஒரு பொழுது. காத்துக்கொண்டிருப்பது எத்தனை நாளாக! இப்போது அவனை வருத்திக்கொண்டிருப்பது அந்தக் காத்திருப்புத்தான்.

நீங்கள் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. சிறு வயதில் உங்களுக்குச் சொல்லப்பட்டதைத்தான் நீங்களும் சொன்னீர்கள். காட்சாமன், தட்சுனோகோ நிறுவனம் எடுத்த தொடர். ஜப்பானில் 1972 அக்டோபரில் தொடங்கி 1974 செப்டம்பர் வரை 105 பகுதிகள் ஒளிபரப்பானது. பறவை வடிவ உடையணிந்த ஐந்து இளையவர்கள், கலாக்டர் என்னும் கொடிய கூட்டத்திடமிருந்து பூமியைக் காக்கும் கதை. 1977இல் ‘ஸ்டார் வார்ஸ்’ படம் பெருவெற்றி பெற்றதும் விண்வெளிக் கதைகளுக்கு மவுசு கூடியது. சாண்டி ஃபிராங்க் என்ற அமெரிக்கத் தயாரிப்பாளர் இந்தத் தொடரை வாங்கி, வெட்டி ஒட்டி, 1978இல் 85 பகுதிகளாக வெளியிட்டார். நீங்கள் பார்த்தது அதைத்தான். அதில் கென் மார்க் ஆனான், ஐவரில் இன்னொருவனான ஜோ ஜேசன் ஆனான். பூமியில் நடந்த சண்டைகள் வேற்றுக் கிரகங்களுக்குப் போயின. ரெட் இம்பல்ஸ் என்ற பெயரில் முகத்தை மறைத்துப் பறந்து, கடைசியில் மகனின் கண்முன்னே உயிரைக் கொடுத்த அந்தத் தந்தை, க்ரோனஸ் என்ற பெயரில் பிழைத்துக்கொண்டார்.

7-சார்க்-7 என்ற ரோபோவும் உங்களுக்கு நினைவிருக்கும். மூலத்தில் அது கிடையாது. புதிதாக வரைந்து சேர்த்தார்கள். ஒரு நகரமே இடிந்து விழும் காட்சி வந்தால், மக்கள் எல்லோரும் முன்கூட்டியே வெளியேறிவிட்டார்கள் என்று அது வந்து சொல்லிவிடும். குழந்தைகள் பயந்துவிடக் கூடாதே என்ற நல்லெண்ணம்தான். ஆனாலும் எனக்கு இதில் தீராத மனக்குறை உண்டு. கட்டடம் விழுவதைக் காட்டினார்கள், குண்டு வெடிப்பதைக் காட்டினார்கள், அதனால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றார்கள். குழந்தையின் மனத்துக்கு இதைவிட மரணத்தைக் காட்டும் மூலமே மேல் என்பேன். உங்கள் மகன் அழுதானே, அடிபட்டால் வலிக்கும், போனவர் போனவர்தான் என்று அவனுக்குப் புரிந்திருக்கிறது.

எப்படிச் சொல்வது என்று தயங்காதீர்கள். “கண்ணா, நான் சின்ன வயதில் பார்த்த படத்தில் அவர் பிழைத்துவிடுவார். அதை நம்பி உன்னிடம் அப்படிச் சொல்லிவிட்டேன். உண்மையான கதையில் அவர் இறந்துவிட்டார். நான் சொன்னது தவறு.” இவ்வளவு போதும். அவன் கோபித்துக்கொண்டால் கோபிக்கட்டும். அழுதால் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். அன்று வேறு பகுதி எதையும் போட வேண்டாம்.

பிறகு, தந்தையின் மரணத்தை அடுத்து வரும் பகுதியை அவனோடு இன்னொரு முறை பாருங்கள். தந்தையின் வரவை எதிர்பார்த்தே அவன் அதைப் பார்த்திருப்பான். கென்னைக் கவனித்திருக்க மாட்டான். அதுவரை நிதானமே உருவாக இருந்த கென், பழி தீர்க்கும் வெறியில் கண்மண் தெரியாமல் பாய்கிறான். வழக்கமாக எதற்கெடுத்தாலும் ஏவுகணையை ஏவத் துடிப்பவன் ஜோ, தடுப்பவன் கென். அந்த வழக்கமே அங்கே தடுமாறுகிறது. “கென் ஏன் இப்படி நடந்துகொள்கிறான்?” என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் மகன் சொல்லும் பதில் அவனைப் பற்றியும் உங்களுக்கு நிறையச் சொல்லும்.

உங்கள் மனைவியின் கவலையையும் தள்ளிவிடாதீர்கள். சிறுவன் ஜோ தன் பெற்றோர் கொல்லப்படுவதைக் கடற்கரையில் பார்க்கும் பகுதி பெரியவர்களையே உலுக்கும். அதை முதலில் நீங்கள் இருவரும் பாருங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் மகனுக்கு அது வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு பகுதி, அதுவும் மாலையில். படுக்கப் போகும் நேரத்தில் கூடாது.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. முடிவு முன்பே தெரிய வேண்டாம் என்னும் வாசகர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். கடைசிப் பகுதியில் ஜோவின் முறை வருகிறது. குற்றுயிராகக் கிடக்கும் அவன், எதிரியைக் குறிவைத்து இறகு வடிவ ஆயுதம் ஒன்றை எறிகிறான். குறி தப்பி, அது பூமியை அழிக்கவிருக்கும் எந்திரத்துக்குள் போய் விழுகிறது. பின்பு அழிவுக்கு மிஞ்சியிருக்கும் நேரத்தைக் காட்டும் எண்கள் ஒவ்வொன்றாக இறங்கி 0002இல் நின்றுவிடுகின்றன. ஏன் நின்றது என்று நண்பர்கள் ஒருவருக்கும் தெரியாது. பல்சக்கரத்தின் இடுக்கில் மாட்டியிருக்கும் அந்தச் சின்ன இறகைப் பார்க்கிறவர்கள் நாம் மட்டுமே. எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

அப்போதும் மகன், “ஜோ வருவானா?” என்று கேட்பான். 1978இல் வந்த இரண்டாம் தொடரில், பாதி எந்திரமாக மாற்றப்பட்ட உடலோடு ஜோ வருவது உண்மைதான். ஆறுதலுக்காக அதை உடனே சொல்லிவிடாதீர்கள். அன்று தொடரைப் பார்த்த ஜப்பானியப் பிள்ளைகள் நான்கு ஆண்டுகள் அவன் இல்லாமல்தான் இருந்தார்கள். உங்கள் மகனும் சில நாள் இருக்கட்டும். எந்திரம் எப்படி நின்றது என்று அவனையே கேளுங்கள். இறகை அவன் கவனித்திருந்தால் ஓடி வந்து உங்களுக்குச் சொல்வான். கவனிக்கவில்லை என்றால், அந்த ஒரு நிமிடத்தை மட்டும் பின்னால் ஓட்டி, மீண்டும் சேர்ந்து பாருங்கள்.