ஜாம் போடும் கண்ணாடி பாட்டிலை வெந்நீரில் கழுவினால் மட்டும் போதாதா?

போதாது. கழுவினால் அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் போகும். பூஞ்சையும் ஈஸ்ட்டும் மிச்சம் இருக்கும். சோப்பு போட்டுக் கழுவிய பாட்டிலை, அடியில் ஒரு துணி விரித்த பெரிய பாத்திரத்தில் வைத்து, முழுக்க மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கியதிலிருந்து 10 நிமிடம். மலைப்பகுதியில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும் என்பதால், ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு நிமிடம் வீதம் கூட்டிக்கொள்ளுங்கள்.

எடுத்த பாட்டிலைத் துணியால் துடைக்காதீர்கள், பட்ட பாடெல்லாம் வீணாகிவிடும். கவிழ்த்து வைத்தால் தானே வடிந்துவிடும். ஆறுவதற்குள் சூடான ஜாமை ஊற்றிவிட வேண்டும். ஆறிய கண்ணாடியில் கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் விரிசல் விடும். (நான் அப்படி ஒன்றை உடைத்திருக்கிறேன்.) ஜாமை நிரப்பி மூடியபின் பாட்டிலோடு 10 நிமிடமோ அதற்கு மேலோ கொதிக்கவைக்கப் போகிறீர்கள் என்றால், காலி பாட்டிலைத் தனியாகக் கொதிக்கவைக்கத் தேவையில்லை.

ஒரு எச்சரிக்கை: போட்டுலிசம் என்ற, உயிருக்கே ஆபத்தான உணவு நச்சு நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் 100 டிகிரியில் சாகாது. ஜாமில் புளிப்பும் சர்க்கரையும் அதை வளரவிடாது. புளிப்பில்லாத காய்கறியை இதே முறையில் அடைத்து வெளியில் வைக்காதீர்கள். அதற்குப் பிரஷர் குக்கர் போன்ற, 121 டிகிரியை எட்டும் கேனர் (பாட்டிலில் அடைத்த உணவை அழுத்தத்தில் சூடாக்கும் பாத்திரம்) வேண்டும்.