1990ஆம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5 காரை வாங்கி டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) பொருத்தினால் எஞ்சின் தாங்குமா?

தாங்கும். நான் வசிக்கும் இங்கிலாந்தில், நீங்கள் குறிப்பிடும் அதே வயதுடைய 1.6 லிட்டர் வண்டியை என் வீட்டுக் கராஜில் முழுவதும் பிரித்துக் கட்டி, டர்போ பொருத்தி, இன்றும் ஓட்டி வருகிறேன்; அந்த உரிமையில்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன். அந்தச் சிறிய எஞ்சின் டர்போவுக்காகப் பிறந்ததல்ல என்று பலர் எழுதுவதைப் படிக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. 1989இல் எம்எக்ஸ்-5 அறிமுகமாவதற்கு முன்பே, மாஸ்டா 323 நான்கு சக்கர இயக்க வண்டியில், எம்எக்ஸ்-5இன் 1.6 எஞ்சின் சேர்ந்த அதே பி6 குடும்பத்து எஞ்சின் டர்போவுடன் விற்பனைக்கு வந்துவிட்டது. 1987ஆம் ஆண்டு சுவீடன் ராலி கார்ப் பந்தயத்தில் பின்லாந்து ஓட்டுநர் டிமோ சலோனன் வெற்றி பெற்றதும் அந்த வண்டியில்தான். எனவே சிலிண்டர்கள் அமைந்த வார்ப்பிரும்பு உடலான பிளாக்கைப் பற்றி நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. இத்தனை ஆண்டுகளில் அந்த வண்டி எப்படிப் பராமரிக்கப்பட்டது என்பதை மட்டும் பாருங்கள்.

டர்போ தொகுப்பின் விலையை விசாரித்துவிட்டுத்தான் இந்தக் கேள்வியைக் கேட்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். அந்தப் பணத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, முதலில் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். துணிக்கூரையில் விழும் மழைநீர் வடியும் குழாய்கள் குப்பையால் அடைத்துக்கொண்டால், நீர் கதவுக்குக் கீழே உள்ள உள்ளீடற்ற பகுதியில் தேங்கி, பின் சக்கரத்துக்கு முன்னால் உள்ள தகட்டை உள்ளிருந்தே அரிக்கும். குளிர்காலச் சாலைகளில் தூவப்படும் உப்பு மீதியைச் செய்துவிடும். என் வண்டியில் டர்போவுக்கு ஆன செலவைவிட, அந்தத் தகடுகளை வெட்டியெடுத்துப் புதிதாக வெல்டிங் செய்ய ஆன செலவே அதிகம். அடுத்ததாக, பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டின் முன்முனையில் உள்ள கப்பியைப் பாருங்கள். அதில் நான்கு பள்ளங்கள் மட்டும் இருந்தால், அது முனை குட்டையான தொடக்ககாலக் கிராங்க். கப்பியை நழுவாமல் பிடிக்கும் சாவி எனும் சிறு துண்டு உட்காரும் பள்ளம் அதில் தேய்ந்து கப்பி ஆடத் தொடங்கும் கோளாறு அந்த எஞ்சின்களில் நன்கு அறியப்பட்டது. 1991க்குள் மாஸ்டா அதைத் திருத்தியது. திருத்தப்பட்ட கப்பியில் எட்டுப் பள்ளங்கள் இருக்கும்.

எஞ்சினைக் கட்டும்போது நேர்ந்த ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 78 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டர்களைச் சற்றுப் பெரிதாகக் கடைந்து, அடித்து உருவாக்கிய வலுவான (ஃபோர்ஜ்டு) பிஸ்டன்களைக் கோக்கும் வேலையை ஒரு பட்டறையிடம் ஒப்படைத்தேன். டர்போ எஞ்சினில் வெப்பம் அதிகம் என்பதால், பிஸ்டனைச் சுற்றிச் சிலிண்டரை அடைத்து நிற்கும் ரிங்கின் இரு முனைகளுக்கும் நடுவே கூடுதல் இடைவெளி விட வேண்டும். இந்த விட்டத்துக்கு மேல் ரிங்கில் ஏறத்தாழ 0.35 முதல் 0.4 மி.மீ. வரை தேவைப்படும். விடாவிட்டால் சூட்டில் விரியும் ரிங்கின் முனைகள் ஒன்றோடொன்று முட்டி, பிஸ்டனின் விளிம்பையே உடைத்துவிடும். வேலை முடிந்ததும் அளவுத் தாளைக் கேட்டேன். 'எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது' என்ற பதிலைத் தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து பிஸ்டன்களை வெளியே எடுத்து, நானே ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து அளந்தபோது, ரிங்குகளைக் கூடுதல் இடைவெளி விடாமல் பெட்டியிலிருந்து எடுத்தபடியே மாட்டியிருந்தார்கள் என்பது தெரிந்தது. முழுக் கூலியையும் வாங்கிக்கொண்டு, ஓர் அளவைக்கூட எழுதித் தராத வழக்கம் இந்தத் தொழிலில் மிகவும் பரவியிருக்கிறது. எஞ்சின் பின்னர் உடைந்தால் 'டர்போ போட்டதால் போயிற்று' என்று பழியை எளிதாகத் திருப்பிவிடுவார்கள். அளவுகளை எழுதித் தர ஒப்புக்கொள்ளும் பட்டறையில் மட்டும் வேலையைக் கொடுங்கள்.

இந்த எஞ்சினின் உண்மையான பலவீனம் குளிர்விப்பில் இருக்கிறது. 323இல் குறுக்குவாட்டில் இருந்த எஞ்சினை எம்எக்ஸ்-5இல் நீளவாட்டில் திருப்பி வைத்தபோது, நீர் வெளியேறும் வழியைப் பின்புறத்திலிருந்து முன்புறத்துக்கு மாற்றிவிட்டார்கள். நீர் முன்னால் நுழைந்து முன்னாலேயே வெளியேறுவதால், கடைசியில் உள்ள நான்காம் சிலிண்டருக்கு ஓட்டம் குறைகிறது. இயல்பான ஓட்டத்தில் இது தொல்லை தருவதில்லை. டர்போ சேர்ந்தால் முதலில் சேதமாவது அந்தச் சிலிண்டர்தான். நீர் வெளியேறும் வழியை மீண்டும் பின்புறத்துக்குக் கொண்டுபோகும் மாற்றத்தை, டர்போ மாட்டுவதற்கு முன்பே செய்து முடித்தேன்.

எரிபொருளும் அதே அளவு முக்கியம். உள்ளே வரும் காற்றை அளக்க 1.6இல் ஒரு மடல் வைத்த மானி இருக்கிறது. அந்த மடல் முழுவதும் திறந்துகொண்ட பிறகு, மேலும் நுழையும் காற்றை எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியால் அறிய முடியாது. ஆகவே அழுத்தத்தை நேரடியாக அளக்கும் உணரியுடன் வேறு கணினியும், எரிபொருளைத் தெளிக்கும் பெரிய இன்ஜெக்டர்களும், காற்று-எரிபொருள் விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் உணரி புகைக்குழாயிலும் வேண்டும். அழுத்தம் ஏறும்போது எரிபொருள் ஒரு பங்குக்குக் காற்று பன்னிரண்டு பங்கைத் தாண்டாமலும், பற்றவைப்பு நேரம் பின்தள்ளப்பட்டும் இருந்தால், 0.5 பார் அழுத்தத்தில் எஞ்சின் அமைதியாக உழைக்கும். தொழிற்சாலையில் ஏறத்தாழ 115 குதிரைத்திறனோடு வந்த என் வண்டி, இப்போது சக்கரங்களில் 150ஐ ஒட்டித் தருகிறது. இது குறைவு என்று சிலர் சொல்லக்கூடும். ஒரு டன்னுக்கும் குறைவான எடையுள்ள வண்டிக்கு இது தாராளமாகப் போதும் என்பதே என் கருத்து. இதே பணத்துக்கு வேகமான புதிய வண்டி கிடைக்கும் என்போரோடும் நான் வாதிட விரும்பவில்லை; நீங்கள் அதைக் கேட்கவும் இல்லை.

1.6இல் பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் ஆறு அங்குல டிஃபரன்ஷியல் இந்த முறுக்குவிசையை நெடுநாள் தாங்காது. 1994க்குப் பிந்தைய 1.8 வண்டியின் ஏழு அங்குல டிஃபரன்ஷியலை அதன் அச்சுத் தண்டுகளோடும், கியர்பெட்டியிலிருந்து விசையைக் கொண்டுவரும் நடுத் தண்டோடும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். கிளட்சையும் அப்போதே மாற்றுங்கள். நீங்களும் பிரித்தானியாவில்தான் இருக்கிறீர்கள் என்றால், டர்போ பொருத்துவதைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்து, அவர்களுடைய ஒப்புதலும் புதிய தவணைத் தொகையும் கைக்கு வந்த பிறகே டர்போவுக்குப் பணம் கட்டுங்கள்.