தொட்டுப் பார்க்கட்டும்

அன்புள்ள ஐயாவுக்கு,

நாங்கள் மட்டக்களப்பு மாவட்டத்துச் செட்டிபாளையத்தில் இருக்கிறோம். என் மகனுக்கு நாலு வயது முடிந்துவிட்டது. ஏழாம் மாதத்திலேயே பிறந்தவன். இரண்டு கண்ணிலும் விழித்திரை பாதிக்கப்பட்டதால் பார்வை இல்லை. ஒரே வளவுக்குள் அம்மாவும் அக்காவும் தங்கச்சியும் இருப்பதால் அவன் ஒரு நிமிடமும் தனியே இருப்பதில்லை. ஊட்டுவதும் உடுத்துவதும் தூக்கித் திரிவதும் நாங்கள்தான். அவன் முன்னால் ‘பார்’ என்ற சொல்லையே சொல்லக் கூடாது என்று அம்மா எங்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறார். கிணற்றை நினைத்தால் எனக்கு நித்திரை வருவதில்லை. போன மாதம் வந்த ஓர் ஆசிரியை, அவனுடைய வேலைகளை அவனையே செய்ய விடும்படி சொன்னது எனக்கு இரக்கமில்லாத பேச்சாகப் பட்டது. உங்கள் குடும்பத்திலும் பார்வையற்ற ஒருவர் வளர்ந்ததாக எழுதியிருந்தீர்கள். அதனால்தான் கேட்கிறேன். நான் என்ன செய்ய வேண்டும்? அவனை விடுதிப் பாடசாலைக்கு அனுப்பத்தான் வேண்டுமா?

ஒரு தாய்

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் கேட்காத ஒன்றுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உங்கள் மனதில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். விழித்திரையின் இரத்தக்குழாய்கள் வளர்ந்து முடிவது பிள்ளை நிறைமாதத்தை எட்டும் காலத்தில்தான். அதற்கு முன்பே பிறந்துவிடும் சில பிள்ளைகளுக்கு அவை முறைதவறி வளர்ந்து விழித்திரையைக் கெடுத்துவிடுகின்றன. இதில் கிரகணமும் இல்லை, செய்வினையும் இல்லை, நீங்கள் செய்த பிழையும் இல்லை.

உங்கள் அம்மாவின் கட்டளையை மட்டும் இன்றே கைவிடச் சொல்லுங்கள். தமிழில் ‘பார்’ என்பது கண்ணுக்கு மட்டும் உரிய சொல் அல்ல. தொட்டுப் பார், கேட்டுப் பார், மணந்து பார், ருசித்துப் பார் என்று எல்லாப் புலனுக்கும் அதை நம் முன்னோர் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அதற்கும் மேலே போய், முயன்றால்தான் தெரியும் என்பதைச் சொல்லவும் ‘செய்து பார்’ என்கிறோம். உங்கள் மகனுக்கு இன்று மிகவும் தேவைப்படும் அந்தச் சொல்லைத்தான் அன்பின் பெயரால் அவனிடமிருந்து மறைத்து வைத்திருக்கிறீர்கள்.

என் பெரியம்மாவின் மகன், எனக்கு அண்ணன், கைக்குழந்தையாக இருந்தபோதே பார்வையை இழந்தவர். நம் பகுதியில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துப் பக்கத்திலேயே குடியிருத்துவதால், ஒரு வளவுக்குள் ஒரு பிள்ளைக்கு நாலைந்து தாய்மார் அமைந்துவிடுகிறார்கள். அது பெரிய செல்வம், ஆனால் அண்ணனுடைய விடயத்தில் அத்தனை கைகளும் சேர்ந்து அவருடைய இரண்டு கைகளுக்கும் வேலை இல்லாமற் செய்துவிட்டன. அவரைவிட இளையவனான நானே அவருக்குச் சட்டைப் பொத்தான் பூட்டிவிட்டிருக்கிறேன், அதைப் பெருமையாகவும் நினைத்திருக்கிறேன். பத்து வயதில் விடுதிக்குப் போன முதல் இரவு, பக்கத்தில் இருந்த பிள்ளைகள் சாப்பிட்டு எழும்பும் வரை அவர் பீங்கானின் முன்னால் சும்மா இருந்தாராம். பசி இல்லாமல் அல்ல, ஊட்ட வரும் கைக்காகக் காத்திருந்திருக்கிறார். சோற்றைப் பிசைந்து வாயில் வைக்க அவருக்குக் கற்றுக்கொடுத்தவன் அவரைவிட இரண்டு வயது குறைந்த, பிறவியிலேயே பார்வையற்ற ஒரு சிறுவன். அண்ணன் இன்று தனியே பஸ் ஏறி மட்டக்களப்புக்கு வந்து போகிறார், ஆனாலும் அந்த இரவைப் பற்றிச் சொல்லும்போது அவருடைய குரல் இப்போதும் மாறும்.

பார்வையுள்ள பிள்ளை தூரத்தில் பளபளக்கும் வாளியைக் கண்டு அதை நோக்கித் தவழ்கிறது. சத்தமும் மணமும் இல்லாத பொருளோ, கை படும் வரை உங்கள் மகனுக்கு உலகத்தில் இல்லாததுதான். எனவே அவனை ஓரிடத்தில் பத்திரமாக இருத்தி வைப்பது, கண் தெரியும் பிள்ளையின் கண்ணைத் துணியால் கட்டி வைப்பதற்குச் சமம். மீன் என்றால் அவன் அறிந்தது முள் எடுத்து வாயில் ஊட்டிய துண்டு மட்டுமாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். அடுத்த முறை மீன் வாங்கும்போது, வெட்டுவதற்கு முன் முழு மீனை அவன் கையில் கொடுங்கள். செதிலின் வழுவழுப்பும், செவுளின் சொரசொரப்பும், வாலின் விரிவும், பிறகு அது துண்டாகிச் சட்டிக்குள் விழும் சத்தமும் ஒரே பொருளின் கதை என்று அவன் விரல்கள் கோத்துக்கொள்ளட்டும். அப்போது அவன் கையைப் பிடித்து இழுத்து வைக்காதீர்கள். உங்கள் கை கீழேயும் அவன் கை மேலேயும் இருந்தால், அவன் உங்கள் அசைவைப் படிப்பான், பயந்தால் கையை எடுத்துக்கொள்ளவும் முடியும்.

உடுத்தப் பழக்குவதைக் கடைசியிலிருந்து தொடங்குங்கள். காற்சட்டையை முழங்கால் வரை நீங்கள் ஏற்றிவிட்டு, மிச்சத்தை அவனே இழுத்து முடிக்கட்டும். அது வந்த பிறகு கணுக்காலிலிருந்து, அதன் பிறகு முதலிலிருந்து. ஒவ்வொரு நாளும் வேலையை முடித்தவன் அவனாகவே இருப்பான். நேரம் எடுக்கும், சிந்தும், சட்டை பின்பக்கம் முன்னால் வரும். பக்கத்தில் நின்று கையைக் கட்டிக்கொண்டிருப்பது தாய்க்கு எவ்வளவு கடினம் என்பதை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

நடப்பதற்கு உங்கள் ஊர் நல்ல ஊர். கிழக்கே கடல் இரைகிறது, மேற்கே கல்முனை வீதியில் வாகனங்கள் ஓடுகின்றன. இந்த இரண்டு சத்தங்களுக்கும் நடுவே நின்று திசை சொல்ல நாலு வயதுப் பிள்ளையால் முடியும். பாண் விற்கும் முச்சக்கரவண்டியின் இசை எந்தப் பக்கமிருந்து வந்து எந்தப் பக்கம் தேய்கிறது என்று தினமும் அவனிடம் கேளுங்கள். நம்முடைய மணல்தான் சிக்கல், அது காலடி ஓசையை விழுங்கிவிடும், பிரம்பின் நுனியும் அதில் புதையும். ஆகையால் நெஞ்சளவு உயரமுள்ள சிறிய வெள்ளைப் பிரம்பை முதலில் சீமெந்துத் தரையில் பழக்குங்கள். முற்றத்தில் குசினியிலிருந்து கிணற்றடி வரை ஒரு வரிசை செங்கல் பதித்துவிட்டால் அதன் ஓரமாக அவனே போய் வருவான். கூட்டிப் போகும்போது நீங்கள் அவனைப் பிடிக்காமல், அவன் உங்கள் மணிக்கட்டைப் பிடித்து அரையடி பின்னால் வரட்டும். விரலால் தடவிப் படிக்கும் பிரெயில் எழுத்தைக் கண்டுபிடித்த லூயி பிரெயில், மூன்று வயதில் தந்தையின் தோல் பட்டறையில் ஒரு கண்ணில் ஊசி குத்தி, பிறகு இரண்டு கண்களிலும் பார்வையை இழந்தவர். அந்தத் தந்தை மகனை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளாமல், கைத்தடி செய்துகொடுத்து ஊருக்குள் நடக்க விட்டார்.

கிணற்றை அவனுக்கு மறைக்காதீர்கள். கட்டு அவனுடைய நெஞ்சுக்குக் கீழே இருந்தால் உயர்த்துங்கள், வாயைக் கம்பி வலையால் மூடுங்கள், இதில் தவணை வேண்டாம். பிறகு அவனைக் கூட்டிப்போய்க் கட்டைச் சுற்றித் தடவ விடுங்கள். வலை வழியாக ஒரு சிறு கல்லைப் போட்டு, தண்ணீரில் விழும் சத்தம் எவ்வளவு பிந்தி வருகிறது என்று கேட்க விடுங்கள். ஆழம் என்றால் என்ன என்று அவனுக்கு வேறு எப்படித் தெரியும்?

விடுதிக்கு இப்போது அவசரம் இல்லை. 1912 இல் தொடங்கிய இரத்மலானைப் பாடசாலையும், கைதடியின் நவீல்ட் பாடசாலையும், சுன்னாகத்து வாழ்வகமும் இருக்கின்றன. மட்டக்களப்பு நகரிலும் பார்வையற்ற பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் இடம் உண்டு. எது என்பதை ஆறு வயதுக்குள் நேரில் போய்ப் பார்த்து முடிவெடுக்கலாம். அதுவரை ஊர்ப் பாலர் பாடசாலைக்கு அனுப்புங்கள். வீட்டில் பயறையும் கடலையையும் கலந்து வைத்து அவனைப் பிரித்தெடுக்கச் சொல்லுங்கள். தமிழ் பிரெயிலும் ஆறு புள்ளிகளுக்குள் அடங்கியதுதான், அதைப் படிக்கப் போகும் விரல்கள் இப்போதே கூர்மையாகட்டும். அந்த ஆசிரியையைத் திரும்பவும் வரச் சொல்லுங்கள். அவர் சொன்னதில் இரக்கம் இருந்தது.

நாளைக் காலையில் பிட்டையும் வாழைப்பழத்தையும் பீங்கானில் வைத்து, பழத்தை உரிக்காமல் அவன் கையிலேயே கொடுங்கள். அம்மாவையும் அக்காவையும் தங்கச்சியையும் பக்கத்தில் இருக்கச் சொல்லுங்கள், உதவி செய்ய மட்டும் வேண்டாம். எவ்வளவு நேரம் எடுத்தது என்று எனக்கு எழுதுங்கள்.