மதர்போர்டு போச்சு என்கிறார்கள், சர்வரைக் கொடுத்து அனுப்பலாமா?

கேள்வி: மதுரை கீழமாசி வீதியில் மளிகை மொத்தக் கடை வைத்திருக்கிறோம். பில்லிங், டேலி கணக்கு எல்லாம் ஒரே டெல் சர்வரில் ஓடுகிறது. வாங்கி நான்கு வருடம். இப்போது மதிய நேரத்தில் தானாக அணைந்து, தானாகவே ஆன் ஆகிறது. சர்வீஸ்காரர், "மதர்போர்டு போச்சு, கழற்றி எடுத்துட்டுப் போகணும்" என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். சர்வர் தானே எழுதி வைக்கும் லாக் என்ற பதிவைப் பார்க்காமல் போர்டைக் குறை சொல்கிறவரிடம் சர்வரைத் தூக்கிக் கொடுக்கவே கூடாது.

உங்கள் சர்வரின் போர்டிலேயே ஐடிராக் என்று தனியாக ஒரு சின்னக் கம்ப்யூட்டர் இருக்கிறது. விண்டோஸ் படுத்துவிட்டாலும் அது விழித்திருக்கும். எந்த ஃபேன் நின்றது, எந்த ரேமில் பிழை, எப்போது கரண்ட் போனது என்று நேரத்தோடு எழுதி வைக்கும். சர்வர் ஆன் ஆகும்போது எஃப்2 அழுத்தி, ஐடிராக் செட்டிங்ஸுக்குள் போனால் சிஸ்டம் ஈவன்ட் லாக் கிடைக்கும். ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுங்கள். இன்றைக்கே எடுங்கள். அந்த லாக்கை அழிப்பது ஒரு நிமிட வேலை. அழித்துவிட்டால் யார் எதைச் சொன்னாலும் உங்களால் மறுக்க முடியாது.

விண்டோஸில் 'கர்னல்-பவர் 41' என்ற வரியைக் காட்டி, போர்டு போனதற்கு இதுதான் சாட்சி என்று சொன்னால் நம்பாதீர்கள். முறையாக ஷட்டவுன் ஆகாமல் அணைந்தது என்பது மட்டுமே அதற்கு அர்த்தம். கரண்ட் போனாலும் அதே வரிதான் வரும்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எனக்கு முதல் சந்தேகம் யூபிஎஸ் மேல்தான். சூட்டினால் அணையும் சர்வர் பெரும்பாலும் அணைந்தபடியே கிடக்கும். கரண்ட் அறுந்து திரும்பினால்தான் இப்படித் தானாக எழும். லாக்கில் பவர் சப்ளைக்கு வரும் கரண்ட் நின்றுபோனதாக இருந்தால், கோளாறு சர்வருக்கு வெளியே. கடை அடைத்த பிறகு சர்வரை முறையாக ஷட்டவுன் செய்துவிட்டு, அதே யூபிஎஸ்ஸில் மூன்று 100 வாட் குண்டு பல்புகளை எரியவிட்டு மெயினை அணையுங்கள். பல்பு உடனே அணைந்தால் பேட்டரி போய்விட்டது. நம்மூர் வெக்கையில் யூபிஎஸ் பேட்டரி கம்பெனி சொல்லும் ஆயுளுக்கு உழைப்பதில்லை. ஆனால் பேட்டரியை மாற்றினால் சர்வீஸ்காரருக்குப் பெரிதாக எதுவும் மிஞ்சாது, போர்டில் மிஞ்சும்.

அடுத்தது தூசி. மிளகாய் வற்றலும் மஞ்சளும் மூட்டை மூட்டையாக இறங்கும் கடையில் அந்தத் தூள், ப்ராசஸரின் சூட்டை இறக்கும் ஹீட் சிங்க் தகடுகளுக்கு நடுவே அப்பிக்கொள்ளும், காற்று போகாது. மூடியைக் கழற்றி ப்ளோயர் பிடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்று வேகத்தில் கண்டபடி சுற்றவிட்டால் ஃபேன் கெட்டுவிடும்.

லாக்கில் ரேம் பிழை இருந்தால் ஏ1, ஏ2 என்று ஸ்லாட் பெயரோடு வரும். அந்த ரேமையும் வேறு ஸ்லாட்டில் உள்ள ரேமையும் இடம் மாற்றுங்கள். பிழை ரேமோடு போனால் ரேம் கெட்டது. அதே ஸ்லாட்டில் நின்றால் அப்போது போர்டைப் பற்றிப் பேசலாம்.

ஆனால் இந்த மாற்றிப் பார்க்கும் வேலையை ஹார்ட் டிஸ்க்கில் செய்யவே செய்யாதீர்கள். பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து டேட்டாவைப் பிரித்து வைக்கும் ரெய்டு 5-இல் ஒரு டிஸ்க் போனால் டேட்டா பிழைக்கும்; இரண்டாவதும் போனால் எல்லாம் போச்சு. ஒரு டிஸ்க்கில் ஆரஞ்சு விளக்கு எரியும்போது தவறி நல்ல டிஸ்க்கை உருவிவிட்டால் கதை முடிந்தது. இன்னொரு டிஸ்க்கும் 'சீக்கிரம் போகலாம்' என்று எச்சரிக்கை காட்டினால், புது டிஸ்க்கைக்கூட உடனே போடாதீர்கள். புது டிஸ்க்கில் டேட்டாவைத் திரும்ப எழுதும் ரீபில்ட் ஓடும்போது மிச்ச டிஸ்க்குகளை முழுக்கப் படிக்கும். அந்தச் சுமையில்தான் நோஞ்சான் டிஸ்க் விழும். முதலில் டேலி டேட்டாவை வெளி டிஸ்க்கில் எடுத்து, வேறு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது பேக்கப். 'ஃபாரின் கான்ஃபிக்' (இந்த டிஸ்க்குகளின் ரெய்டு அமைப்பு என்னுடையதல்ல என்று சர்வர் சொல்வது) என்று திரையில் வந்தால் எந்த பட்டனையும் அழுத்தவிடாதீர்கள்.

சர்வரின் முன்பக்கம் இழுத்தால் வரும் சீட்டில் சர்வீஸ் டேக் என்ற அடையாள எண் இருக்கும். அதைக் கம்பெனி இணையதளத்தில் போட்டால் வாரண்டி தேதி தெரியும். ஐந்து வருட வாரண்டியோடு வாங்கியதை மறந்துவிட்டுக் காசு கொடுத்துப் போர்டு மாற்றுகிற கடைகள் உண்டு. ஏஎம்சி என்ற பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு வருடா வருடம் பணம் வாங்குகிறவர்கள், இந்த ஒரு தேதியையாவது பார்த்துச் சொல்லக் கூடாதா? 'பார்ட்ஸ் சேராது' என்று எழுதியிருக்கும் வரிக்குக் காட்டும் அக்கறையை லாக் எடுத்துக் காட்டுவதில் காட்டலாமே!

இவ்வளவு பார்த்தும் போர்டுதான் என்று உறுதியானால் கொடுங்கள். ரேம், ப்ராசஸர் சீரியல் நம்பர்களைப் படம் எடுத்து, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட சீட்டோடு கொடுங்கள். டிஸ்க்குகள் மட்டும் கடையிலேயே இருக்கட்டும். போர்டைச் சோதிக்க அவை தேவையில்லை. கழற்றும்போது எந்த இடத்தில் இருந்ததோ அந்த நம்பரை, 0, 1, 2 என்று, ஒவ்வொன்றின் மேலும் மார்க்கரால் எழுதி வையுங்கள்.