உயில் இருக்கிறது, வக்கீல்தான் வேண்டும்

கேள்வி: அப்பா போன தை மாதம் தவறிவிட்டார். அம்மாப்பேட்டையில் ஒரு வீடு, ஏற்காட்டில் ஒன்றரை ஏக்கர் காப்பித் தோட்டம். வீடு அண்ணனுக்கு, தோட்டம் எனக்கு என்று உயில் எழுதி வைத்திருக்கிறார், பதிவு செய்யவில்லை. தெரிந்தவர் ஒருவர் கூட்டிப்போன வக்கீல், புரொபேட் (உயில் உண்மையானது என்று கோர்ட் தரும் சான்று) இல்லாமல் ஒன்றும் நகராது, சொத்து கைக்கு வந்ததும் மதிப்பில் 5 சதவீதம் கொடுத்துவிடுங்கள் என்கிறார். சேலத்தில் நல்ல வக்கீலை எப்படிப் பிடிப்பது?
- வாசகி, ஏற்காடு

பதில்: முதலில் அந்த 5 சதவீதத்துக்குத் தலையாட்டாதீர்கள். ஜெயித்தால் இவ்வளவு என்று பேசி ஃபீஸ் வாங்கக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி, அதை ஒரு வக்கீலே சொல்கிறார் என்றால் அங்கிருந்து எழுந்து வந்துவிடலாம்.

புரொபேட் விஷயமும் அவர் சொன்னது போல இல்லை. சேலத்தில் எழுதி, சேலம் மாவட்டத்திலேயே சொத்தும் இருந்தால் இந்துக்களின் உயிலுக்குப் புரொபேட் கட்டாயம் கிடையாது; கிறிஸ்தவர்களுக்கு 2002 திருத்தத்தோடு அந்தக் கட்டாயம் போய்விட்டது. பதிவு செய்யாத உயிலும் செல்லும். ஆனால் இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும், தகராறு என்று வந்தால் அவர்களில் ஒருவராவது கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டும். என் சித்தப்பா உயிலில் நாங்கள் மாட்டிக்கொண்டது இங்கேதான். வக்கீல் ஒருவர் எட்டு மாதம் வாய்தா வாய்தா என்று இழுத்துவிட்டு ஒருநாள் நிதானமாக, சாட்சி எங்கே என்று கேட்டார். ஒருவர் இறந்து போயிருந்தார், இன்னொருவர் திருப்பூரில் மகள் வீட்டில், எங்களையே அடையாளம் தெரியாத நிலையில்.

அதனால் வக்கீலை எடை போட ஒரே வழிதான் எனக்குத் தெரியும்: அவர் முதலில் என்ன கேட்கிறார் என்று பாருங்கள். அசல் உயில் யாரிடம் இருக்கிறது, சாட்சிகள் இருக்கிறார்களா, உயிலை நிறைவேற்ற யாரையாவது அப்பா நியமித்திருக்கிறாரா, அண்ணன் ஒத்துப்போகிறாரா என்று கேட்பவர் வேலை தெரிந்தவர். ஏக்கர் என்ன விலை போகிறது என்று ஆரம்பிப்பவரிடம் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள். நெட்டில் வரும் விளம்பரத்தை நம்ப வேண்டாம், வக்கீல்கள் விளம்பரம் செய்யவே கூடாது. அஸ்தம்பட்டி கோர்ட் வளாகத்துக்கு ஒருநாள் காலையில் போய், பாகப்பிரிவினை வழக்குகளைத் தொடர்ந்து நடத்துகிற சிவில் வக்கீல் யார் என்று நாலு பேரிடம் விசாரியுங்கள், இரண்டு பேர் வாயில் ஒரே பெயர் வந்தால் அவரைப் போய்ப் பாருங்கள். பத்திரம் எழுதுபவர்களுக்கும் தெரியும், கமிஷனுக்காகச் சொல்கிறாரா என்பதை மட்டும் கவனியுங்கள். பணம் கஷ்டம் என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம், பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள்.

அண்ணன் சம்மதம் என்றால் வேலை பாதிதான். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, உயில், வில்லங்கச் சான்று எல்லாம் வைத்துப் பட்டா மாறுதலுக்கு எழுதிப் போடலாம். அவர் ஆட்சேபித்தால் தாசில்தார் சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார், அப்போது புரொபேட்டோ வழக்கோ எது சரி என்பதை வக்கீல் முடிவு செய்யட்டும். ஃபீஸை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், கோர்ட் கட்டணம் தனியாகத் தெரிய வேண்டும். பார்க்கப் போகும்போது ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள்.

அப்புறம், பத்திரமாக இருக்கட்டும் என்று அசல் உயிலை லேமினேட் செய்துவிடாதீர்கள், நாளைக்குக் கையெழுத்தை ஆராய வேண்டி வந்தால் அதுவே தொல்லை.