கிழட்டுக் கப்பல்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் ‘போலார் ஸ்டார்’ என்ற பனியுடைப்புக் கப்பலைப் பற்றி ஒரு காணொளி பார்த்தேன். 1976இலிருந்து ஓடுகிறதாம். ஒரு வல்லரசு இப்படியொரு கிழட்டுக் கப்பலை ஒட்டுப்போட்டு ஓட்டுவது அவமானம் இல்லையா? ரஷ்யாவிடம் அணுசக்தியில் ஓடுகிற பனியுடைப்புக் கப்பல்களே பல இருக்கின்றன. இதை வைத்து நீங்கள் ஒரு கதை எழுதலாமே?

ர.

அன்புள்ள ர.,

ரஷ்யாவை விடுங்கள். வடதுருவக் கடலோரம் முழுக்கக் கப்பல் ஓட்டியே ஆகவேண்டிய நாடு அது. ‘கிழட்டு’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எரிச்சலாக இருக்கிறது. பழைய இயந்திரங்களோடு மல்லுக்கட்டுகிறவர்களைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் சரியாக அங்கே வந்து குத்தியது.

அமெரிக்காவின் சியாட்டிலிலிருந்து கிளம்பிப் போய், அண்டார்க்டிகாவிலுள்ள மெக்மர்டோ என்ற அமெரிக்க ஆய்வு நிலையத்துக்குச் சரக்குக் கப்பல் வர வழிசெய்து கொடுப்பதுதான் போலார் ஸ்டாரின் முக்கிய வேலை. முகப்பைப் பனிமேல் ஏற்றி, 13,000 டன்னுக்கு மேற்பட்ட தன் எடையால் அமுக்கி உடைக்கும். 2006இல் அதை ஓரங்கட்டினார்கள். 2010இல் அதன் ஜோடிக் கப்பலான ‘போலார் சீ’யின் எஞ்சின்கள் படுத்துவிட்டன, அது அப்புறம் எழவேயில்லை. போலார் ஸ்டாரைச் செப்பனிட்டுக் கடலில் இறக்கினார்கள். போலார் சீயிலிருந்து கழற்றிய உதிரிபாகங்கள் இதற்கு வந்தன. கடையில் கிடைக்காத பாகத்தை ஈபே என்ற இணையச் சந்தையில் தேடி வாங்கியதும் உண்டு. சிரிக்காதீர்கள். என் அப்பா பஸ் டிப்போவில் மெக்கானிக். கண்டம் ஆன பஸ்ஸிலிருந்து கழற்றித்தான் ஓடுகிற பஸ்ஸுக்குப் போடுவார்.

2019 பயணத்தை மட்டும் சொல்கிறேன். போகிற வழியிலேயே மின்பலகையில் புகை. குடிநீர் தயாரிக்கும் இரண்டு கருவிகளில் ஒன்று காலி. பனியை உடைத்துக்கொண்டிருக்கும்போது ப்ரொப்பல்லர் தண்டைச் சுற்றி நீர் புகாமல் அடைக்கிற சீல் வழியாகக் கடல் உள்ளே வந்தது. கப்பலை நிறுத்தி, அந்த உறைகுளிர் நீரில் முக்குளிப்பவர்களை இறக்கி வெளியிலிருந்து ஒட்டினார்கள். பிறகு கப்பல் முழுக்க மின்சாரம் போனது. எல்லாவற்றையும் அணைத்துத் திரும்ப உயிர்ப்பிக்க ஒன்பது மணி நேரம் ஆயிற்று. இவ்வளவுக்கும் நடுவில் 6 முதல் 10 அடி தடிமனுள்ள பனியில் 17 மைல் பாதை போட்டார்கள். சரக்குக் கப்பல் சுமார் 4,500 டன் சரக்கை இறக்கியது. திரும்பும் வழியில் குப்பை எரிக்கும் அறையில் தீ! அதையும் அணைத்தார்கள். யாருக்கும் காயமில்லை.

சீலை ஒட்டியவர்களின் பெயர் உங்கள் காணொளியில் வந்ததா? வந்திருக்காது. கப்பல் பனியில் ஏறுகிற காட்சி மட்டும் வந்திருக்கும், பின்னணியில் ஒரு முரசு. அப்படிப் பார்த்தே நமக்குப் பழகிவிட்டது.

2022 முதல் சில ஆண்டுகள், அண்டார்க்டிகாவிலிருந்து திரும்பியும் வீட்டுக்குப் போகாமல், கலிபோர்னியாவின் வலேஹோவில், கப்பலைத் தண்ணீருக்கு வெளியே நிறுத்திச் செப்பனிடும் உலர்துறையில் மாதக்கணக்கில் ரிப்பேர் வேலை பார்த்தார்கள் அந்த மாலுமிகள். மாற்றுக் கப்பலுக்கு ஒப்பந்தம் போட்டது 2019இல். 2024இல் வரும் என்றார்கள். இப்போது 2030 என்கிறார்கள். அவமானம் என்றால் அந்தத் தாமதத்தைச் சொல்லுங்கள். சுமக்கிற கழுதையைத் திட்டாதீர்கள்.

கதை நான் எழுதப்போவதில்லை. நீங்கள் நன்றாக எழுதுகிறீர்கள், நீங்களே எழுதுங்கள். எஞ்சின் அறையிலிருந்து தொடங்குங்கள். கேப்டனைக் கதாநாயகன் ஆக்கினால் எனக்கு அனுப்பவேண்டாம்.