ஆறாவது பூனை

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாங்கள் டோக்கியோவில், நிஷி கசாயில் இருக்கிறோம். கணவருக்கு ஐடி வேலை. இங்கே வந்த புதிதில் எனக்குக் கச்சாபோன் பழக்கம் தொற்றிக்கொண்டது. நாணயம் போட்டுத் திருகினால் உருண்டை டப்பாவுக்குள் ஒரு குட்டி பொம்மை விழுமே, அதுதான். இப்போது நானூறுக்கு மேல் வைத்திருக்கிறேன். வரிசை வாரியாக, உள்ளே இருக்கும் பையைக்கூடப் பிரிக்காமல், எக்செலில் பட்டியலோடு. போன மாதம் தூங்கும் பூனைகள் என்று ஒரு வரிசை. மொத்தம் ஆறு, ஒரு திருகுக்கு 300 யென். 4200 யென் போட்டும் ஐந்துதான் கிடைத்திருக்கிறது, வந்ததே வருகிறது. "இந்த வயதில் பொம்மையா? இது சூதாட்டம் இல்லாமல் வேறென்ன?" என்கிறார் கணவர். நம் ஊர் கொலு மட்டும் என்னவாம் என்று நான் சண்டை போட்டேன். ஏழு வயது மகள் தானும் திருக வேண்டும் என்கிறாள். பிளாஸ்டிக் குப்பை வேறு உறுத்துகிறது. இது குழந்தைத்தனமா? அவளைப் பழக்கலாமா?

வி.

அன்புள்ள வி.,

பதில் போடாத கடிதங்கள் நிறையக் கிடக்கின்றன. உங்களுடையதை முன்னால் எடுத்ததற்குக் காரணம், சில நாட்களாக என் மேஜைமேல் ஒரு கச்சாபோன் பொம்மை கிடக்கிறது, எழுத உட்காரும்போதெல்லாம் கண் அதன்மேல்தான் போகிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

குழந்தைத்தனமா என்ற கேள்வியை விடுங்கள். 2012இல் 'கோப்பை விளிம்பு ஃபுச்சிகோ' என்று ஒரு கச்சாபோன் வரிசை வந்தது. நீலச் சீருடை போட்ட ஆபீஸ் பெண் டீ கப்பின் விளிம்பில் உட்கார்ந்திருப்பாள், இல்லையென்றால் ஒற்றைக் கையால் தொங்கிக்கொண்டிருப்பாள். முகத்தில் ஒரு உணர்ச்சியும் இருக்காது. கோடிக்கு மேல் விற்றது. இதை ஏழு வயதுப் பிள்ளைகளுக்காகவா செய்திருப்பார்கள்? கொலுவை இதில் இழுக்க வேண்டாம். கணவரை மடக்குவதற்குப் பாட்டியைத் துணைக்குக் கூப்பிடுவது நியாயமில்லை. பிளாஸ்டிக் உறுத்துகிறதென்றால் காலி டப்பாவைக் கடையிலேயே அதற்கென்று வைத்திருக்கும் பெட்டியில் போட்டுவிட்டு வாருங்கள். மீதி உறுத்தல், வாங்குவதைக் குறைத்தால் தானே குறையும்.

சூதாட்டம் என்கிறார் உங்கள் கணவர். முழுக்கச் சரியில்லை, முழுக்கத் தப்பும் இல்லை. இந்த மெஷின் 1965இல் அமெரிக்காவிலிருந்து ஜப்பானுக்கு வந்தபோது ஒரு திருகு 10 யென். அன்றிலிருந்து இன்றுவரை நாணயம் போட்டவர் வெறுங்கையோடு போவதில்லை, எதுவோ ஒன்று விழத்தான் செய்யும். அந்த மட்டுக்கு லாட்டரி வேறு, இது வேறு. ஆனால் இதே பெயரில் செல்போன் விளையாட்டுகளுக்குள் ஒன்று வந்தது. குலுக்கலில் வரும் படங்களில் குறிப்பிட்ட அத்தனையும் சேர்ந்தால்தான் பெரிய பரிசு. 2012இல் ஜப்பானிய நுகர்வோர் துறை அது சட்டவிரோதம் என்று சொல்லி நிறுத்தவைத்தது. கவனியுங்கள், அவர்கள் குலுக்கலில் கை வைக்கவில்லை. 'எல்லாம் சேர்ந்தால்தான்' என்ற கொக்கியைத்தான் பிடுங்கிப் போட்டார்கள். உங்கள் மெஷினில் அந்தக் கொக்கி இல்லை. நீங்களாகவே ஒன்று செய்து மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன், எக்செல் வைத்திருப்பவருக்குப் பிடிக்கும். ஆறு வகையும் சமமாகக் கலந்திருந்தால், முழு செட் சேரச் சராசரியாக 14.7 திருகு ஆகும். உங்கள் விலைக்கு 4410 யென். முதல் பூனைக்கு ஒரு திருகு போதும். ஐந்து கையில் இருக்கும்போது ஆறாவதற்கு மட்டும் சராசரி ஆறு திருகு, 1800 யென். மெஷினுக்குள் இருப்பதே எண்ணிப் போட்ட உருண்டைகள்தான் என்பதால் நிஜத்தில் கொஞ்சம் முன்பின் இருக்கும். எனக்கு மட்டும் ராசியில்லை என்று புலம்பாதீர்கள், எல்லோருக்கும் நடப்பதுதான் உங்களுக்கும் நடக்கிறது. ஒரு பூனைக்கு 300, இன்னொரு பூனைக்கு 1800. ஆறாவது பூனை மற்ற ஐந்தைவிட ஆறு மடங்கு அழகா? அதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை. உங்களிடம் இல்லை என்பதைத் தவிர அதற்கு வேறு பெருமை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

டோக்கியோவின் இகெபுகுரோ பகுதியில் 2021இல் திறந்த கச்சாபோன் கடையைப் பார்த்திருப்பீர்கள். ஒரே இடத்தில் 3010 மெஷின்கள், கின்னஸ் சாதனை. நான் போனபோது ஒரு இளம் ஜோடி ஓரமாக நின்று உருண்டைகளைத் திறந்துகொண்டிருந்தது. உள்ளே மடித்து வைத்திருக்கும் சின்னத் தாளை விரிப்பார்கள், எது வந்தது என்று பார்ப்பார்கள், பேனாவால் டிக் அடிப்பார்கள், பொம்மை பைக்குள் போய்விடும். ஒன்றையாவது வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார்களா என்று காத்திருந்தேன். இல்லை. கடைசியில் ஒரு டிக் குறைந்தது போலிருக்கிறது, இருவர் முகமும் தொங்கிப்போயிற்று. மாதத்துக்கு 300க்கும் மேல் புது வரிசைகள் வருகிற நாட்டில் இப்படி டிக் அடித்து எந்தக் காலத்தில் முடிப்பது?

சரி, என் மேஜைக்கு வருகிறேன். அது ஓர் இமோரி. பார்க்கப் பல்லி மாதிரி, ஆனால் தவளைக்குத்தான் நெருங்கிய சொந்தம், தண்ணீரில் இருக்கும். முதுகு கறுப்பும் பழுப்புமாக ஒன்றுமே சொல்லாது. ஒசாகாவில் இதை எனக்குக் கொடுத்தவர் பொம்மைகளுக்கு மூல உருவம் செதுக்கும் வேலையில் இருந்த பெரியவர். பேச்சு பாதி நண்பர் மொழிபெயர்த்து, பாதி சைகையில். அவர் அதை நேராகக் கொடுக்கவில்லை, மல்லாத்தி உள்ளங்கையில் வைத்தார். அடிவயிறு முழுக்கச் சிவப்பு, அதில் ஒழுங்கில்லாமல் கறுப்புத் திட்டுகள். முன்கால்களில் நான்கு விரல், பின்கால்களில் ஐந்து. நிஜ இமோரிக்கும் அப்படித்தான்.

இந்தப் பொம்மைகளுக்கு அச்சில் வார்ப்பதைவிட வண்ணம் பூசுவதுதான் பெரிய வேலை. ஒவ்வொரு நிறத்துக்கும் தனியாக ஒரு கை வேண்டும், அது பெரும்பாலும் சீனாவில் ஏதோ ஒரு தொழிற்சாலையில் உட்கார்ந்திருப்பவரின் கை. ஒரு நிறம் கூடினால் செலவு கூடும். அதனால் கல்யாணச் சமையல்காரர் முந்திரியை எண்ணிப் போடுகிற மாதிரி நிறத்தை எண்ணித்தான் போடுவார்கள் என்றார் பெரியவர். அந்தக் கஞ்சக் கணக்குக்குள்தான் சிவப்புக்கு ஒன்று, திட்டுகளுக்கு ஒன்று என்று இரண்டு நிறங்களை வயிற்றுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அலமாரியில் வைத்தால் தரையோடு ஒட்டிக்கிடக்கும் வயிறு. புரட்டாதவருக்கு அது கிடையவே கிடையாது.

இப்போது கோபம் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். நானூறு பொம்மை இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எண்ணிக்கை இருக்கிறது, விலை இருக்கிறது, கணவர் இருக்கிறார். ஒரு பூனை எப்படித் தூங்குகிறது என்று மட்டும் இல்லை. அதென்ன பையைப் பிரிக்காமல் வைப்பது? 2018இல் பண்டாய் கம்பெனி ஒரு பூச்சி செய்தது. மண்ணில் கிடக்கும், தொட்டால் உருண்டையாகச் சுருண்டுகொள்ளுமே, அது. நிஜத்தைப்போல் பத்து மடங்கு பெரியது, டப்பாவே கிடையாது, பூச்சியே சுருண்டு உருண்டையாகத்தான் வெளியே வரும். விலை 500 யென். விரித்தால் அத்தனை காலும் வெளியே வரும். அது உங்கள் வீட்டுக்கு வந்திருந்தால் காலம் முழுக்க உருண்டையாகவே கிடந்திருக்கும். இப்படிப் பூட்டி வைப்பதற்கு நீங்கள் தூங்கும் பூனையை வாங்கினால் என்ன, திருகாணி வாங்கினால் என்ன?

பெண்ணே, நீங்கள் கெட்டிக்காரி, அது கடிதத்திலேயே தெரிகிறது. புது ஊரில் பேச்சுத் துணை இல்லாத பகல்களில் இந்தக் குட்டி உருவங்கள் ஆறுதலாக இருந்திருக்கும் என்பதும் புரிகிறது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பட்டியலைத்தான் சொல்கிறேன்.

ஆறாவது பூனை வேண்டியே ஆக வேண்டுமென்றால் நகானோ பிராட்வே கடை வளாகத்துக்குப் போங்கள், அங்கே கண்ணாடிப் பெட்டிகளில் உதிரியாக வைத்து விற்பார்கள். கிடைத்தால் ஒன்றை வாங்கி அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். மகளைப் பழக்கலாமா என்றால், தாராளமாக. ஆனால் உங்களைப் பார்த்துப் பழக வேண்டாம். அவளே மெஷினைத் தேர்ந்தெடுக்கட்டும், ஒரு தடவை திருகட்டும், விழுந்ததை வைத்து விளையாடட்டும், கால் உடைந்தாலும் பரவாயில்லை. வந்ததே வந்து கிடக்கும் பூனைகளையும் அவளிடமே கொடுத்துவிடுங்கள்.

அடுத்த கடிதத்தில் எக்செல் வேண்டாம். ஒரு பையைப் பிரித்து, பூனை எந்தப் பக்கம் சாய்ந்து படுத்திருக்கிறது, வாலை எங்கே வைத்திருக்கிறது, அடியில் என்ன நிறம் என்று எழுதுங்கள். அதற்கும் பதில் போடுகிறேன்.

அன்புடன்